மனமகிழ் மன்றத்து எலுமிச்சைச் சாறு

சொக்கலிங்கபேரியில் குடிக்காத பெண்களுக்குப் போதை ஏறத் தொடங்கிய அந்த முதல் சாயங்காலம், டாக்டர் பிரமநாயகி தன் ஆஸ்பத்திரியின் பிரசவ அறையில், பிள்ளை பெற்று ஓய்ந்து கிடந்த ஒருத்திக்குத் தையல் போட்டுக்கொண்டிருந்தாள். நூலை இழுத்து முடிச்சுப் போடப் போகும்போது நாக்குக்கு அடியில் ஒரு சூடு புறப்பட்டது. அது தொண்டைக்குள் இறங்காமல் மேலே ஏறி, காது மடல்களில் கொஞ்ச நேரம் தங்கி, பிறகு உச்சந்தலையில் போய்ச் சம்மணம் போட்டு உட்கார்ந்துகொண்டது. இருமல் மருந்தைக்கூட மூடியில் அளந்து குடிக்கிறவள் அவள். அப்படிப்பட்டவளுக்கு விளக்கு இரண்டாகத் தெரிந்தது, ஊசி மூன்றாகத் தெரிந்தது, அதில் எந்த ஊசி தன் கையில் இருக்கிறது என்பதில் ஒரு சந்தேகமும் வந்தது.

“எஸ்தர், இங்க ஸ்பிரிட் பாட்டில் எதுவும் தொறந்து கெடக்கா?”

“இல்ல மேடம். வாட உங்க வாயிலருந்துதான் வருது,” என்றாள் நர்ஸ் எஸ்தர், பணிவு குறையாமல்.

மீதித் தையலைப் பிரமநாயகி ஒரு கண்ணை மூடிக்கொண்டு போட்டு முடித்தாள். நன்றாகத்தான் போட்டாள். ஆனாலும் ஒரு கண்ணை மூடிக்கொண்டு ஒரு பெண்ணின் உடம்பில் கை வைத்தோம் என்பது அவளுக்கு உறுத்தலாகவே இருந்தது. “மேடம், நல்லாருக்கீங்களா?” என்று எஸ்தர் கேட்டதற்கு, “எனக்கென்ன, நல்லாத்தான் இருக்கேன்” என்று சொல்லிவிட்டுச் சுவரைப் பிடித்துக்கொண்டே வெளியே போனாள். யார் எப்போது கேட்டாலும் அவள் சொல்லும் பதில் அது ஒன்றுதான்.

வீட்டுக்குப் போனால், மனமகிழ் மன்றத்திலிருந்து திரும்பியிருந்த அவள் புருஷன் வக்கீல் ஆவுடையப்பன், சோபாவில் வயிற்றைப் பிடித்துக்கொண்டு புளித்த ஏப்பம் விட்டுக்கொண்டிருந்தார். தெளிவென்றால் அப்படியொரு தெளிவு. கோர்ட்டில்கூட அவர் அவ்வளவு தெளிவாக இருந்ததில்லை. வழக்கமான அளவையும் தாண்டிக் குடித்திருக்கிறார், ஒரு கிறுகிறுப்புக்கூட வரவில்லை. பெண்டாட்டி நிலைப்படியைப் பிடித்துக்கொண்டு நிற்பதையும், அவள் மேலிருந்து வருகிற வாடையையும் கவனித்தவர், பையிலிருந்த பர்ஸ் காணாமல் போனவரின் குரலில் கேட்டார்.

“என்ன பிரமு, அப்ப நீதான் குடிச்சியா?”

அதே நேரத்தில் எலுமிச்சை மண்டி முதலாளி பூதப்பாண்டியின் வீட்டில் அவர் மனைவி சண்முகவடிவு, டி.வி. பார்த்துக்கொண்டிருந்தவள், எழுந்து நின்று மாமியார் படத்தைப் பார்த்து, உயிரோடு இருந்த காலத்தில் கேட்காமல் விட்ட கேள்விகளையெல்லாம் ஒன்று விடாமல் கேட்டுக்கொண்டிருந்தாள். ஓய்வு பெற்ற தாசில்தார் காந்திமதிநாதன் வீட்டில் கோமு அம்மாள் பூஜை அறையில் விழுந்து விழுந்து சிரித்துக்கொண்டிருந்தாள். மன்றத்து உறுப்பினர்கள் வீடு ஒவ்வொன்றிலும், எந்தப் பெண்ணின் வாயிலும் ஒரு சொட்டு படாமல், அவரவர் புருஷன் குடித்த அளவுக்கு அவரவர்க்கு ஏறியது.

காரணம் என்று பார்த்தால் பெரிதாக ஒன்றுமில்லை. சொக்கலிங்கபேரி மலையடிவாரத்து ஊர். சுற்றிலும் எலுமிச்சைத் தோப்பு, ஊருக்குள்ளே எலுமிச்சை மண்டி, காற்றில் எந்நேரமும் எலுமிச்சைத் தோலின் வாடை. மாப்பிள்ளை அழைப்புக்கும் எலுமிச்சை, மந்திரி வந்தாலும் எலுமிச்சை, புது லாரியின் சக்கரத்துக்கும் எலுமிச்சை. இத்தனை இருந்தும் ஊர்ப் பெரிய மனிதர்கள் மன்றத்தில் உட்கார்ந்து விஸ்கியில் வெறும் சோடாவைத்தான் ஊற்றிக்கொண்டிருந்தார்கள், மரியசெல்வம் வந்து சேரும்வரை. உல்லாசக் கப்பல் ஒன்றின் பாரில் ஊற்றிக் கொடுத்துவிட்டு ஊர் திரும்பியவன் அவன். விஸ்கி இரண்டு பங்கு, எலுமிச்சைச் சாறு ஒரு பங்கு, சர்க்கரைப் பாகு கொஞ்சம், ஒரு முட்டையின் வெள்ளைக்கரு, எல்லாவற்றையும் தகர டப்பாவில் போட்டுத் தோள் வலிக்கக் குலுக்கி, கண்ணாடித் தம்ளரில் ஊற்றினான் என்றால் கீழே மஞ்சளும் மேலே வெள்ளை நுரையுமாக நிற்கும். விஸ்கி சவர் என்று பெயர். பெரிய மனிதர்களுக்கு அதன் ருசி இரண்டாவதாகத்தான் பிடித்தது, முதலில் பிடித்தது அதன் தோற்றம். தெருவிலிருந்து யார் எட்டிப் பார்த்தாலும் ஜூஸ் என்றுதான் சொல்வார்கள். அதுவரை சாத்தியே கிடந்த மன்றத்து ஜன்னல்களை அதற்குப் பிறகு திறந்து வைத்தார்கள். காந்திமதிநாதன் மட்டும் ஒவ்வொரு நாளும் மறக்காமல், “முட்டையச் சேத்துராதப்பா, நான் சைவம்” என்று சொல்லி வாங்கிக் குடித்தார்.

வீட்டில் இருந்த பெண்கள் அவ்வளவு லேசில் ஏமாறுகிறவர்கள் இல்லை. மன்றத்து மதிலை ஒட்டிச் சுடலைமாடனின் பீடம் இருக்கிறது. அவனுக்குக் கொடை விழா நடந்த நாளன்று, ஊரே கூடியிருக்கும்போது, புருஷன்மாரை அங்கே வரிசையாகக் கொண்டுபோய் நிறுத்திச் சத்தியம் கேட்டார்கள். சத்திய வாசகத்தை எழுதிக் கொடுத்தது மன்றத்தின் செக்ரட்டரியும் வக்கீலுமான ஆவுடையப்பன்தான். மன்றத்தில் நாங்கள் குடிப்பது எலுமிச்சைச் சாறு, இது சத்தியம். “அதுல எலுமிச்ச இருக்கா இல்லியா? இருக்குல்லா. பின்ன எங்கவே பொய்?” என்று உறுப்பினர்களுக்கு அவர் மதிலுக்குப் பின்னால் வைத்து விளக்கினார். யார் தலைமேல் சத்தியம் செய்வது என்று ஒரு பேச்சு வந்தது. தன் தலைமேல் செய்ய எவருக்கும் தைரியமில்லை, பிள்ளைகள் தலைமேல் செய்ய மனசு வரவில்லை, மிச்சமிருந்தது பெண்டாட்டி தலை. ஆளுக்கொரு கையைப் பெண்டாட்டி தலைமேல் வைத்து, இன்னொரு கையால் எரிகிற கற்பூரத்தை அடித்து அணைத்துவிட்டு, நேராக மன்றத்துக்குள் போனார்கள்.

சுடலைமாடனுக்குக் குடியின்மேல் ஒரு வருத்தமும் கிடையாது. அவனுக்கே சாராயமும் சுருட்டும் எலுமிச்சையும்தான் படையல். அவன் செய்ததெல்லாம் அவர்கள் சொன்ன வார்த்தையை அப்படியே ஏற்றுக்கொண்டது மட்டும்தான். எலுமிச்சைச் சாறு என்றார்கள், எலுமிச்சைச் சாற்றை அவர்களுக்கு விட்டுவிட்டு, மிச்சத்தை எந்தத் தலைமேல் சத்தியம் செய்தார்களோ அந்தத் தலைக்கு அனுப்பிவைத்தான்.

ஊர் இதை ரொம்ப நாளைக்கு அதிசயமாக வைத்துக்கொள்ளவில்லை. விளக்கு வைக்கிற நேரத்துக்குப் பூ விற்க வருகிறவள் நாலு மணிக்கே வந்துவிட்டுப் போகத் தொடங்கினாள், அம்மன் கோயிலில் திருவிளக்கு பூஜையைக் காலைக்கு மாற்றிக்கொண்டார்கள், மன்றத்து உறுப்பினர் வீடுகளுக்குச் சாயங்காலத்தில் சொந்தக்காரர்கள் போவது நின்றது, பெண் கேட்டு வருகிற தரகரிடம் மாப்பிள்ளை என்ன படித்திருக்கிறார் என்று கேட்பதற்கு முன்னால் மன்றத்தில் மெம்பரா என்று கேட்டார்கள், ஆட்டோக்காரர்கள் அந்த நேரத்தில் பெண்களை ஏற்றினால் பின்சீட்டில் ஒரு பிளாஸ்டிக் பையைத் தொங்கவிட்டார்கள். மன்றத்து உறுப்பினர் ஒருவரின் மனைவி ஸ்கூட்டர் ஓட்ட, அவர் பின்னால் உட்கார்ந்து போகும்போது போலீஸ் சோதனையில் மாட்டினார்கள். ஊதச் சொன்னால் அந்த அம்மாள் ஊதியதற்குக் கருவி கத்தியது, குடித்துவிட்டு வருகிறவர் ஊதியதற்குக் கம்மென்று இருந்தது. இன்ஸ்பெக்டர் வெகு நேரம் யோசித்து, இரண்டு பேரையும் விட்டுவிட்டு ஸ்கூட்டரைப் பிடித்துவைத்துக்கொண்டார்.

புத்தி சொல்ல வந்தவர்களுக்கும் குறைவில்லை. சாயங்காலத்துக்கு முன்னால் வயிறு நிறையத் தயிர்ச்சோறு சாப்பிட்டுவிட்டால் அவ்வளவாகத் தெரியாது என்று பெண்களுக்குச் சொன்னார்கள். வெறும் தரையில் படுத்தால் கட்டிலிலிருந்து விழாமல் இருக்கலாம் என்றார்கள். வெள்ளிக்கிழமை விரதம் இருந்து பார்க்கச் சொன்னார்கள். கொஞ்சம் அனுசரித்துப் போம்மா, நாலு பேருக்குத் தெரிந்தால் உனக்குத்தான் அசிங்கம் என்றார்கள். ஊர் முழுக்கத் தேடினாலும், குடிக்கிறவர்களைப் பார்த்துக் குடிக்காதே என்று சொல்ல ஒரு வாய் கிடைக்கவில்லை.

குடித்தவர்களின் பிழைப்போ பெரிய வேடிக்கையாக இருந்தது. ஒருத்தருக்கும் போதை இல்லை. பல் கூசியது, நெஞ்சு எரிந்தது, ஏப்பம் புளித்தது. ஆனால் தனக்கு மட்டும்தான் ஏறவில்லை போல என்று ஒவ்வொருவரும் நினைத்துக்கொண்டதால், யாரும் வாயைத் திறக்கவில்லை. பூதப்பாண்டி வேண்டுமென்றே வேட்டி தடுக்கி விழுந்தார், காந்திமதிநாதன் நாக்கைக் குழறவைத்துத் தேவாரம் பாடினார், ஆவுடையப்பன் மேசையைத் தட்டித் தட்டி ஒன்றையே திரும்பத் திரும்பச் சொன்னார், எல்லோரும் எல்லோரையும் பார்த்துப் பொறாமைப்பட்டார்கள். ஒருவேளை இன்னொரு தம்ளர் போட்டால் வருமோ என்று மேலே மேலே குடித்தார்கள். அந்த நடிப்புக்கெல்லாம் ஆன விஸ்கி முழுவதும் வீட்டில் இருந்த பெண்களின் தலையில் இறங்கியது.

கடைசியில் வீட்டு நிலவரத்தை வைத்து அந்த நடிப்பும் வெளுத்தபோது, சுடலைக்கு ஆடுகிற கோமரத்தாடி அருள் வந்து நின்று பரிகாரம் சொன்னான். பெரிய பரிகாரமும் இல்லை. “எந்த வாயி பொய்ச் சத்தியம் பண்ணிச்சோ, அந்த வாயி எம் முன்னால வந்து உள்ளத உள்ளபடி சொல்லட்டும். அதது அதோட எடத்துக்குப் போயிரும்.” ஆடு கேட்கவில்லை, கோழி கேட்கவில்லை, ஒரே ஒரு வாக்கியம். மன்றத்தில் குடிப்பது விஸ்கி என்று சொல்ல வேண்டும், அவ்வளவுதான். ஊரில் அது தெரியாத ஆள் கிடையாது, மண்டியில் சுமை தூக்குகிறவனுக்கும் தெரியும், பள்ளிக்கூடத்துப் பிள்ளைகளுக்கும் தெரியும். ஒருவர்கூடப் போகவில்லை.

பிரமநாயகி தன் புருஷனிடம் கேட்டுப் பார்த்தாள்.

“நீங்க போயி அந்த ஒரு வார்த்தையச் சொல்லிட்டு வந்துருங்களேன்.”

“நல்லாருக்கு. நாளைக்குக் கோர்ட்டுல எவன் என்னைய மதிப்பான்? ஊருக்கே தெரிஞ்சதுதான, அத நான் வேற என் வாயால சொல்லணுமாக்கும்?”

“அப்ப குடிக்காம இருங்க.”

“செக்ரட்டரியே குடிக்கலன்னா மன்றத்த எதுக்கு நடத்துறது?”

“நான் பிரசவம் பாக்குறவ. கத்தியும் ஊசியும் பிடிக்கிற கை இது. சாயங்காலமானா எனக்குக் கை நிக்க மாட்டேங்கு.”

ஆவுடையப்பன் அவளைப் பரிதாபமாகப் பார்த்தார். மன்றத்துக் கமிட்டி கூடி இதைப் பற்றியெல்லாம் ஏற்கனவே பேசியிருந்தது. உறுப்பினர்களின் மனைவிமாருடைய பொறுமையைப் பாராட்டி ஒரு தீர்மானம் போட்டிருந்தார்கள்.

“சாயங்காலத்துக்கு மேல பிரசவம் பாக்காதயேன் பிரமு. காலையில பாத்தா போதாதா?”

“பிள்ளைக நேரம் பாத்தா வருது?”

“காலையில வர்ற மாதிரி மருந்து குடு. படிச்சிருக்கேல்லா. கொஞ்சம் அனுசரிச்சுப் போ.”

அவள் அனுசரித்துத்தான் போனாள். இத்தனை வருஷமாக வேறென்ன செய்துகொண்டிருந்தாள். நின்று நின்றே முழங்கால் இரண்டும் தேய்ந்துபோயிருந்தன, குனிந்து குனிந்து இடுப்பு பிடித்துக்கொண்டிருந்தது, ஒற்றைத் தலைவலி பௌர்ணமி அமாவாசை பாராமல் வந்தது, தூக்கம் என்பதை அவளுக்கு அரைகுறையாகத்தான் தெரியும். எஸ்தர் கேட்டால் நல்லாருக்கேன் என்பாள். புருஷன் கேட்டதில்லை. இப்போது சாயங்காலப் பிரசவங்களைத் தென்காசிக்கு அனுப்பத் தொடங்கினாள். ஒவ்வொரு முறை ஆம்புலன்ஸ் வளைவில் திரும்பி மறையும்போதும், அந்தப் பெண் வழியில் என்ன ஆவாளோ என்று வாசலிலேயே நின்றாள்.

பேச்சித்தாயின் விஷயம் அப்படி வளைவில் அனுப்பிவிடக் கூடியது இல்லை. அவள் மண்டியில் சாக்கின்மேல் உட்கார்ந்து எலுமிச்சை தரம் பிரிக்கிறவள். முதல் பிள்ளை தென்காசிக்குப் போகிற வழியில் ஆட்டோவிலேயே பிறந்து ஆட்டோவிலேயே போனது. இரண்டாவது, தென்காசிக்குப் போய்ச் சேர்ந்த பிறகு போனது. மூன்றாவது வயிற்றில் வந்ததும் நேராகப் பிரமநாயகியிடம் வந்து, மண்டித் தூசியோடு தரையில் உட்கார்ந்துகொண்டாள்.

“டாக்டரம்மா, செத்தாலும் பொழச்சாலும் உங்க கையிலதான். என்னைய அந்த ரோட்டுல மட்டும் அனுப்பிராதீக.”

குழந்தை வயிற்றுக்குள் தலை மேலாகவும் கால் கீழாகவும் இருந்தது. ஒரு காலை நேரத்தில் மயக்க மருந்து டாக்டரை வரவழைத்து ஆபரேஷன் செய்துவிடலாம் என்று பிரமநாயகி நாள் குறித்தாள். முந்திக்கொண்டு வலி வந்துவிட்டால் என்ன செய்வது என்பதற்கு அவளிடம் ஒரே பதில்தான் இருந்தது. ஆவுடையப்பனை உட்காரவைத்து, பேச்சித்தாயின் கதையை முழுவதும் சொல்லி, அந்தப் பிள்ளை பிறக்கிறவரை மட்டும் தொடாமல் இருக்கும்படி கேட்டாள். இருபத்தோரு வருஷக் கல்யாணத்தில் அவள் அவரிடம் கெஞ்சிக் கேட்ட முதல் பொருள் அது. அவர் மனசு இளகி, கண்கூடக் கலங்கி, “இதுகூடச் செய்ய மாட்டனா பிரமு? போ, தொட மாட்டேன்” என்றார். சொன்னபடியே கொஞ்ச நாள் இருக்கவும் செய்தார். அந்த நாட்களில் சாயங்காலம் அவள் கை அசையாமல் நின்றது. அவளுக்கு அவர்மேல் ஒரு பிரியம்கூட வந்துவிட்டது, அதை நினைத்தால்தான் பாவமாக இருக்கிறது.

மன்றத்தின் ஆண்டுவிழா அன்று பேச்சித்தாய்க்கு வலி கண்டது.

மத்தியானம் லேசாகத் தொடங்கி, விளக்கு வைக்கிற நேரத்துக்குள் பிள்ளையின் ஒரு கால் வெளியே வந்துவிட்டது. ஆபரேஷனுக்கும் நேரமில்லை, தென்காசிக்கும் நேரமில்லை. பிரமநாயகி கையைக் கழுவிக்கொண்டு உள்ளே வந்து, எத்தனையோ முறை செய்த வேலையைச் செய்யக் குனிந்தாள். குனிந்த நிலையில் நாக்குக்கு அடியில் அந்தச் சூடு புறப்பட்டது.

அவள் கையை எடுத்துக்கொண்டு நிமிர்ந்தாள்.

“எஸ்தர், அவுகளுக்குப் போன் போடு.”

எஸ்தர் போனை அவள் காதில் வைத்தாள். ஒலிபெருக்கிச் சத்தத்துக்கு நடுவே ஆவுடையப்பன் உற்சாகமாகப் பேசினார்.

“ஒரே ஒரு தம்ளர்தான் பிரமு. செக்ரட்டரி தம்ளரத் தூக்காம எப்படி விழாவத் தொடங்குறது? எல்லாரும் என்னையத்தான் பாக்காவ. இன்னைக்கு ஒரு நாள் அனுசரிச்சுக்கோ.” போன் வைக்கப்பட்டது. அவர் ஒன்றோடு நிறுத்தவில்லை என்பது அவள் உச்சந்தலைக்கு உடனுக்குடன் தெரிந்துகொண்டிருந்தது. விளக்கு இரண்டானது. பிள்ளையின் சின்னக் கால் இரண்டானது, மூன்றானது. அவள் தன் கையைத் தூக்கிப் பார்த்தாள், அது நடுங்கியது. அவளுக்கு வந்தது அழுகை இல்லை, அருவருப்பு. ஒரு தம்ளர் மஞ்சள் தண்ணீரைத் தூக்கிக் காட்டுவதற்காக ஒரு பிள்ளையைக் கொல்லத் துணிகிற மனிதனோடு ஒரே தட்டில் சாப்பிட்டிருக்கிறோம் என்ற அருவருப்பு.

பேச்சித்தாய் அந்தக் கையைப் பார்த்துவிட்டாள்.

“டாக்டரம்மா, உங்க கையி நடுங்குது. நீங்க நல்லாருக்கீகளா?”

“நல்லாருக்கேன்.”

“சத்தியம் பண்ணுங்க.”

பேச்சித்தாயின் உள்ளங்கைக்குள் சுடலை பீடத்து எலுமிச்சம்பழம் ஒன்று இருந்தது. கோமரத்தாடி ஓதிக் கொடுத்தது, வலி தொடங்கியதிலிருந்து அதை விடாமல் பிடித்துக்கொண்டிருந்தாள். அந்தக் கையை அவள் நீட்டினாள். பிரமநாயகி பொய்ச் சத்தியம் செய்து பழக்கமில்லாதவள். அதனால் கொஞ்சம் யோசித்தாள். யோசித்ததில், சத்தியம் என்பது எப்படி வேலை செய்கிறது என்பது அந்தப் போதையிலும் அவளுக்குத் தெளிவாக விளங்கியது. பழத்தின்மேல் தன் நடுங்குகிற கையை வைத்தாள்.

“என் வீட்டுக்காரர் தலைமேல சத்தியமாச் சொல்லுதேன் பேச்சி. நான் நல்லாருக்கேன். எனக்கு ஒண்ணுமே இல்ல.”

தெரிந்தேதான் சொன்னாள். சொல்லி வாயை மூடுவதற்குள் முதலில் போதை போயிற்று, விளக்கு ஒன்றாயிற்று. அது மட்டும் போகும் என்றுதான் அவள் நினைத்திருந்தாள். ஆனால் ஒன்றுமே இல்லை என்று சொல்லியிருந்தாள் அல்லவா. போதைக்குப் பின்னால் ஒற்றைத் தலைவலி எழுந்து போயிற்று, அதன் பின்னால் இடுப்புப் பிடிப்பு போயிற்று, வலது முழங்கால் போயிற்று, இடது முழங்கால் போயிற்று, கழுத்து எலும்பின் குத்தல், குதிகால் வெடிப்பின் எரிச்சல், வருஷக்கணக்கில் தூங்காமல் விட்ட தூக்கம், சொல்லாமல் விழுங்கிய பேச்சுகள் நெஞ்சில் ஏற்றியிருந்த கனம், எல்லாம் ஒன்றின் பின் ஒன்றாக வரிசையில் கிளம்பி, ஜன்னல் வழியாக மன்றத்துத் திசையில் போயின. மருத்துவக் கல்லூரியில் சேர்ந்த நாளில் இருந்த உடம்போடு அவள் குனிந்தாள். கை அசையவில்லை. பிள்ளையின் இன்னொரு காலைத் தேடி எடுத்தாள், இடுப்பைத் திருப்பினாள், தோளை ஒவ்வொன்றாக விடுவித்தாள், கடைசியில் தலையை விரல்களில் தாங்கி வெளியே கொண்டுவந்தாள். பெண் குழந்தை. கொஞ்ச நேரம் எல்லோரையும் பயப்பட வைத்துவிட்டு ஓங்கி அழுதது.

மன்றத்தில் ஆவுடையப்பன் மைக் முன்னால் நின்று, நமது மன்றம் இந்த ஊரின் பண்பாட்டுக்கு ஆற்றிவரும் தொண்டு என்று தொடங்கியிருந்தார். தொண்டு என்ற சொல்லில் கால்கள் இரண்டும் மடங்கின. தம்ளர் உடைந்து நுரை மேடையில் வழிந்தது. தலையைப் பிடித்தார், இடுப்பைப் பிடித்தார், இருப்பது இரண்டு கை என்பதால் முழங்கால்களைப் பிடிக்க முடியாமல் உட்கார்ந்துவிட்டார். கண் சொருகியது. உறுப்பினர்கள் எழுந்து ஓடிவந்தார்கள். அவர்கள் முகத்தில் கவலை இல்லை, பொறாமைதான் இருந்தது.

“செக்ரட்டரிக்கு வந்துட்டுவே,” என்றார் காந்திமதிநாதன்.

பூதப்பாண்டி அவர் காதோரம் குனிந்து ஆசையாகக் கேட்டார். “அண்ணாச்சி, எத்தனாவது தம்ளர்ல வந்துச்சு?”

“முட்டு வலிக்கிவே,” என்று ஆவுடையப்பன் அழுதார். “எப்பா, முட்டு வலிக்கி.”

உண்மையில் அவருக்குப் போதையும் வந்திருந்தது. அவ்வளவு வலிக்கு அடியில் அது எங்கே கிடக்கிறது என்றுதான் அவரால் கண்டுபிடிக்க முடியவில்லை.

விஷயம் காலைக்குள் பெண்களுக்குத் தெரிந்தது. சண்முகவடிவு ஆஸ்பத்திரிக்கே வந்து, “மதினி, என்னன்னு சொன்னீக? அந்த வார்த்தைய எனக்கும் சொல்லுங்க” என்று கேட்டாள். அதிலென்ன ரகசியம், தினமும் எல்லோரும் சொல்கிற வார்த்தைதான். கோமு அம்மாள் கேட்டுக்கொண்டாள், ஸ்கூட்டர் ஓட்டிய அம்மாள் கேட்டுக்கொண்டாள், வீட்டுக்கு வீடு போய்ச் சேர்ந்தது. அன்றைக்குச் சாயங்காலம் பெண்கள் சுடலை பீடத்தின்முன் கூட்டமாக நின்று கற்பூரம் ஏற்றி, அவரவர் புருஷன் தலைமேல், நாங்கள் எல்லோரும் நல்லாயிருக்கிறோம் என்று சத்தியம் செய்தார்கள். மதிலுக்கு அந்தப் பக்கம் நாற்காலிகள் விழுகிற சத்தம் கேட்டது. பூதப்பாண்டிக்குச் சண்முகவடிவின் மூச்சிரைப்பு வந்தது. காந்திமதிநாதனுக்குக் கோமு அம்மாள் கல்யாணமானதிலிருந்து சுமந்துகொண்டிருந்த வயிற்றுப் புண் வந்தது, முட்டை சேர்க்காதது ஒன்றுக்கும் உதவவில்லை. மரியசெல்வம் டப்பாவைக் கழுவிக் கவிழ்த்துவிட்டுத் தூத்துக்குடிக்குப் பஸ் ஏறினான்.

அதற்குப் பிறகுதான் பெரிய மனிதர்களுக்கு உண்மை பேச ஆசை வந்தது. கோமரத்தாடி சொன்ன பரிகாரம் ஞாபகம் வந்து, கம்பை ஊன்றிக்கொண்டும் ஒருவர் தோளை ஒருவர் பிடித்துக்கொண்டும் பீடத்துக்கு வந்து வரிசையில் நின்றார்கள். முதல் ஆளாக ஆவுடையப்பன் நின்றார். தொண்டையைச் செருமிக்கொண்டு, எழுதி வைத்ததைப் படிக்கிறவர் மாதிரி நிறுத்தி நிறுத்திச் சொன்னார்.

“மன்றத்துல நாங்க குடிச்சது எலுமிச்சைச் சாறு இல்ல. விஸ்கி.”

சைக்கிளை ஓரமாக நிறுத்தி வேடிக்கை பார்த்துக்கொண்டிருந்த மண்டித் தொழிலாளி ஒருவன், “தெரியும்லா” என்றுவிட்டுக் கிளம்பிப் போனான். கோர்ட்டில் அவரை மதித்தவர்கள் அதற்கு மறுநாளும் அதே அளவுக்குத்தான் மதித்தார்கள், அதாவது கொஞ்சமாக. அவர் கட்டிக் காப்பாற்றிய மரியாதை அவ்வளவுதான் என்று அவருக்கே அப்போதுதான் தெரிந்தது. சுடலை சொன்ன சொல் தவறவில்லை. அவர் செய்த சத்தியம் முறிந்தது, அவர் விஸ்கி அவருக்கே திரும்பக் கிடைத்தது. முழங்கால் வலி போகவில்லை, அது அவர் செய்த சத்தியத்தில் வந்தது இல்லையே.

அதனால் ஆவுடையப்பன் ஆஸ்பத்திரிக்கு வந்தார். வெளியறையில், வயிற்றுப் பிள்ளைக்காரிகள் உட்காரும் பெஞ்சில், அவர்களுக்கு நடுவே இடம் கேட்டு வாங்கி உட்கார்ந்து முறை வரும்வரை காத்திருந்தார். பக்கத்தில் பேச்சித்தாய் தன் மகளை மடியில் போட்டுத் தட்டிக்கொண்டிருந்தாள்.

“வக்கீலய்யா, நல்லாருக்கீகளா?” என்று மரியாதைக்குக் கேட்டாள்.

அவர் பதில் சொல்ல வாயைத் திறந்தார். பழக்கத்தில் வந்த வார்த்தையைச் சொல்லப் பயந்துபோய், மூடிக்கொண்டார்.

பிரமநாயகி வெளியே வந்தபோது அவர் பெஞ்சைப் பிடித்து எழுந்து நின்றார். எழுந்திருக்கவே அவருக்கு அவ்வளவு நேரம் ஆயிற்று.

“பிரமு, என்னால தாங்க முடியல. நிக்க முடியல, உக்கார முடியல, தூங்க முடியல. நீ எப்படித்தான் இதோட நின்ன?”

அவர் அதைக் கேட்டது இதுதான் முதல் தடவை. இந்தக் கேள்வியை ஒரு வருஷத்துக்கு முன்னால் கேட்டிருந்தால்கூட அவள் அழுதிருப்பாள்.

“நீ சுடலைகிட்ட போயி ஒரு வார்த்த சொல்லிரு. அன்னைக்கு நீ நல்லா இல்லன்னு, உண்மைய, ஒரே ஒரு வார்த்த,” என்று கெஞ்சினார்.

“ஊருக்கே தெரிஞ்சதுதான,” என்றாள் பிரமநாயகி. “அத நான் வேற என் வாயால சொல்லணுமாக்கும்?”

“அப்ப நான் என்ன செய்ய?”

மாடியில் யாரோ ஒருத்தி வலியில் கூப்பிட்டாள். எஸ்தர் படியிலிருந்து எட்டிப் பார்த்துக் கையசைத்தாள்.

“கொஞ்சம் அனுசரிச்சுப் போங்க,” என்று சொல்லிவிட்டு, பிரமநாயகி கைப்பிடியைத் தொடாமல் மாடிப்படி ஏறிப் போனாள்.